பழைய மேனுவல் லென்ஸ், புதிய டிஜிட்டல் கேமரா: வாங்குவது முதல் படம் எடுப்பது வரை

என் கேமராவில் பெரும்பாலான நாட்கள் மாட்டியிருப்பது பென்டாக்ஸின் ஒரு 55 மி.மீ. சூப்பர் டாகுமார். நான் பிறப்பதற்கு முன்பே தயாரான லென்ஸ். உள்ளே மோட்டார் கிடையாது, சிப் கிடையாது, ஒயர் கிடையாது. உலோகமும் கண்ணாடியும் கொஞ்சம் கிரீஸும்தான். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால், கனமான கதவு எண்ணெய் போட்ட கீலில் திரும்புவதுபோல ஒரே சீராக நகரும். ஃபிலிம் காலத்தில் இப்படிப்பட்ட லென்ஸ்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டன. அதனால்தான் இன்றும் அவை புதிய லென்ஸோடு ஒப்பிடும்போது மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

இதில் இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது புகழ்பெற்ற பெயரைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல லென்ஸ்கள் கைமாறிய பிறகு என் முடிவு இது: பெயரைவிட அந்த ஒரு லென்ஸின் நிலைதான் முக்கியம். அதற்கு அடுத்தது, லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் அடாப்டர். பூஞ்சை பிடித்த பெரிய பெயரைவிட, சுத்தமான சாதாரண 50 மி.மீ. பல மடங்கு நல்ல படம் தரும்.

பழைய லென்ஸ் புதிய கேமராவில் எப்படி உட்காருகிறது

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. லென்ஸைக் கேமராவில் மாட்டும் அமைப்புக்கு மவுண்ட் என்று பெயர். ஒவ்வொரு மவுண்ட்டுக்கும், லென்ஸ் உட்காரும் உலோக வளையத்திலிருந்து சென்சார் வரை ஒரு நிலையான தூரம் உண்டு. எம்42 திருகு மவுண்ட்டுக்கு அது 45.46 மி.மீ. நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கு 46.5, ஒலிம்பஸ் ஓஎம்முக்கு 46, மினோல்ட்டா எம்டிக்கு 43.5, கேனான் எஃப்டிக்கு 42. மிரர்லெஸ் கேமராக்களில், ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பகுதி இல்லை என்பதால் இந்தத் தூரம் மிகவும் குறைவு: சோனி இ மவுண்ட்டில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பிலும் எல் மவுண்ட்டிலும் 20.

எம்42 லென்ஸைச் சோனியில் மாட்ட வேண்டுமா? 45.46-இலிருந்து 18-ஐக் கழித்தால் 27.46 மி.மீ. அந்த நீளத்துக்கு நடுவில் ஓட்டையுள்ள ஓர் உலோகக் குழாய் போதும். அதுதான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை என்பதால் லென்ஸின் தரம் குறைய வழியில்லை.

அந்தக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் இறுக்கம். கேனான் இஎஃப் மவுண்ட்டின் தூரம் 44 மி.மீ. அதனால் எம்42, ஓஎம், நிக்கான் எஃப் லென்ஸ்களை மெல்லிய வளையம் வைத்து மாட்டலாம்; கேனானின் சொந்த எஃப்டி லென்ஸை மாட்ட முடியாது, அதன் 42 மி.மீ. இதைவிடக் குறைவு. 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் உடலாக இருந்தால், சில லென்ஸ்களின் பின்பகுதி மேலெழும் கண்ணாடியில் இடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பென்டாக்ஸ் கே மவுண்ட்டின் தூரமும் எம்42-வின் தூரமும் ஒன்றே. அதனால் பென்டாக்ஸில் எம்42 அழகாக உட்காரும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் எம்42 மாட்டினால், நடுவில் திருத்தக் கண்ணாடி இல்லாமல் தொலைவில் ஃபோகஸ் ஆகாது. அந்தக் கண்ணாடி படத்தை மங்கலாக்குவதால், நிக்கான் காரர்கள் பழைய நிக்கார் லென்ஸ்களையே தேடுவது நல்லது. அதிலும் ஓர் எச்சரிக்கை: 1977-இல் ஏஐ என்ற நிக்கான் லென்ஸ் இணைப்பு முறை வருவதற்கு முந்தைய லென்ஸ்கள் சில உடல்களின் மவுண்ட் ஓரத்தில் உள்ள சிறு நெம்பை உடைத்துவிடும். உங்கள் கேமராவின் கையேட்டைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

மிரர்லெஸ்ஸா டிஎஸ்எல்ஆரா என்று என்னைக் கேட்டால், மிரர்லெஸ்தான். எல்லா மவுண்ட்டும் பொருந்தும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம் என்பது. இப்போதைய டிஎஸ்எல்ஆர்களின் வியூஃபைண்டர் திரை ஆட்டோஃபோகஸுக்காகச் செய்யப்பட்டது. எஃப் 1.4-இல் (எஃப் எண் குறைந்தால் ஒளி நுழையும் துவாரமான அப்பர்ச்சர் பெரிது) எது கூர்மை, எது இல்லை என்பதை அது சரியாகக் காட்டாது.

எந்த லென்ஸில் தொடங்குவது

ஒரு 50 மி.மீ. போதும். பழைய ஃபிலிம் கேமராக்களோடு சேர்த்தே விற்கப்பட்டது அதுதான் என்பதால் எண்ணிக்கையும் அதிகம், விலையும் குறைவு. எஃப் 1.8 அல்லது எஃப் 2 எடுங்கள். எஃப் 1.4-க்கு விலை கூடும், எடை கூடும், ஃபோகஸும் இன்னும் கடினம். அதிகபட்சம் ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு) வெளிச்சத்துக்காக முதல் நாளே அந்தச் சிரமம் வேண்டாம்.

சென்சார் அளவை மறந்துவிடாதீர்கள். ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. அந்த லென்ஸ் உருவாக்கப்பட்டபோது தந்த அதே கோணத்தைத் தரும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் அதே லென்ஸ் 75 மி.மீ. போல நெருங்கிவிடும், இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100 மி.மீ. போல. முகங்கள் எடுக்க அது நன்றாகவே இருக்கும். வீட்டுக்குள் ஒரு அறையையே எடுக்க நினைத்தால் 28 மி.மீ. தேட வேண்டும், பழைய அகல லென்ஸ்கள் 50 அளவுக்குத் தரமாகவும் இருக்காது, மலிவாகவும் இருக்காது.

மவுண்ட்டில் என் முதல் சிபாரிசு எம்42. 1949-இல் டிரெஸ்டனில் உருவான கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு வந்த திருகு மவுண்ட் அது. பிறகு பென்டாக்ஸ், பிராக்டிக்கா, ஜெனிட் என்று பல கேமராக்கள் அதையே எடுத்துக்கொண்டன. அதனால் ஒரே அடாப்டரில் ஜப்பான், கிழக்கு ஜெர்மனி, சோவியத் ஒன்றியம் மூன்றின் லென்ஸ்களையும் மாட்டிப் பார்க்கலாம். டாகுமார் 55 எஃப் 1.8 கட்டுமானத்தில் ஈடு இணையற்றது. பென்டகான் 50 எஃப் 1.8 பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் 33 செ.மீ. வரை நெருங்கி எடுக்கும்.

ஹீலியோஸ் 44-2 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். 58 மி.மீ., எஃப் 2. ஜெர்மானிய பயோட்டார் வடிவமைப்பை ஒட்டிச் சோவியத் ஒன்றியத்தில் செய்தது. அதன் பின்னணி சுழல்வதுபோல் தெரியும். ஆனால் மாட்டியவுடன் எல்லாப் படத்திலும் சுழல் வராது. ஓரத்தில் விழும் ஒளி வட்டங்கள் பூனைக்கண் போல நசுங்கி, நடுவைச் சுற்றி வரிசையாகத் திரும்பி நிற்பதால் வரும் தோற்றம் அது. அதற்கு நீங்கள் எடுக்கும் ஆள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பின்னால் பல மீட்டர் தள்ளி, இலைகளின் ஊடே வெளிச்சம் சிதறுகிற மரம்போல் ஏதாவது வேண்டும். அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஏபிஎஸ்-சியில் ஓரப்பகுதி வெட்டுப்படுவதால் சுழலில் பாதி காணாமல் போய்விடும்.

எம்42-வைத் தாண்டி, மினோல்ட்டா எம்டி 50 எஃப் 1.7, ஒலிம்பஸ் சுய்க்கோ 50 எஃப் 1.8, கேனான் எஃப்டி 50 எஃப் 1.8 மூன்றும் மிரர்லெஸ்ஸில் மிக நன்றாக வேலை செய்யும். நல்ல நிலையில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை எடுங்கள். இவற்றில் இரண்டு நிறுவனங்கள் ஆட்டோஃபோகஸ் வந்தபோது புதிய மவுண்ட்டுக்கு மாறிவிட்டன: மினோல்ட்டா 1985-இல், கேனான் 1987-இல். அதுவே இவற்றின் விலை குறைவுக்கு ஒரு காரணம். எதை வாங்கினாலும் லென்ஸிலேயே அப்பர்ச்சர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையம் இல்லாத லென்ஸை வெறும் குழாய் அடாப்டரில் மாட்டினால் அப்பர்ச்சரை மாற்றவே முடியாது.

வாங்கும்முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

என் முதல் பழைய லென்ஸைப் படத்தைப் பார்த்து வாங்கினேன். வெளிப்புறம் கடையிலிருந்து நேற்று வந்ததுபோல் பளபளத்தது. முதல் நாள் எடுத்த படங்கள் எல்லாம் வெளிறிப்போய், மெல்லிய திரைக்குப் பின்னால் எடுத்ததுபோல் இருந்தன. அமைப்புகளை மாற்றி மாற்றி ஒரு வாரம் போராடினேன். கடைசியில் லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது, உள்ளே ஒரு கண்ணாடி முழுக்கப் பால் நிறத்தில் பனி படர்ந்திருந்தது. அன்றிலிருந்து டார்ச் இல்லாமல் நான் லென்ஸ் பார்க்கப் போவதில்லை.

அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துகொள்ளுங்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாக விட்டு, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். ஒளியை நேராகக் கண்ணில் வாங்க வேண்டாம். அப்புறம் லென்ஸைத் திருப்பி மறுபக்கமும் அதேபோல் பாருங்கள். சிலந்தி வலை மாதிரியோ மரத்தின் வேர் மாதிரியோ கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளியாக இருந்தால் படத்தில் தெரியாது. ஆனாலும் நான் வாங்க மாட்டேன், வளரக்கூடியது அது. ஒரே சீரான மூடுபனி என்றால், என் கதைதான் உங்களுக்கும். ஓரத்தில் வானவில் நிறமோ வெண்மையான குமிழோ தெரிந்தால், ஒட்டப்பட்ட இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அதைச் சரிசெய்வது வாங்கிய விலைக்கு மேல் போகும்.

தூசிக்குப் பயப்படாதீர்கள். இத்தனை வயதான லென்ஸில் நாலைந்து தூசித் துகள் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலும் பெரிய குற்றமில்லை. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் யோசியுங்கள், சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால் அதன் பாதிப்பு அதிகம்.

அடுத்தது அப்பர்ச்சர் இதழ்கள். எஃப் 16-இல் வைத்துப் பார்த்தால் அவை உலர்ந்து, மங்கலாக இருக்க வேண்டும். ஈரமாக மின்னினால் எண்ணெய் கசிந்திருக்கிறது. பின்னால் உள்ள நெம்பையோ ஊசியையோ அழுத்தி விடுங்கள்: இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும், சோம்பலாக நகர்ந்தால் எண்ணெயின் வேலைதான். ஹீலியோஸ் 44-2 போன்ற, கையாலேயே மூடித் திறக்கும் லென்ஸ்களில் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் தொல்லை இல்லை. அங்கே இதழ்களை இயக்குவது ஸ்பிரிங் அல்ல, உங்கள் விரல்.

ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்புங்கள். காய்ந்த கிரீஸால் இறுகியிருந்தால் நுணுக்கமாக ஃபோகஸ் செய்ய முடியாது. லொடலொடவென்று ஆடினாலும் அதே கதை. இணையத்தில் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணாடியின் ஊடே எடுத்தது, இதழ்கள் மூடிய நிலை, பின் மவுண்ட். கேட்டும் கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள்.

மஞ்சள் நிறம் பற்றி ஒரு வார்த்தை. சில பழைய லென்ஸ்களில், குறிப்பாக ஏழு கண்ணாடிகள் கொண்ட டாகுமார் 50 எஃப் 1.4-இல், தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. அதன் கதிர்வீச்சால் ஆண்டுகள் போகப்போகக் கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மாறும். புற ஊதா விளக்கின் கீழ் பல நாட்கள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். சூரிய ஒளியிலும் தெளியும். ஆனால் லென்ஸ் ஒளியைக் குவித்துத் தீ வைத்துவிடக்கூடும், அதனால் ஒரு முனையை அலுமினியத் தாளால் மூடாமல் வெயிலில் விடவே கூடாது. அந்தக் கதிர்வீச்சு சாதாரணமாகப் படம் எடுக்கும் பயன்பாட்டில் கவலைப்படும் அளவில் இல்லை. கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டாம், அந்தக் கண்ணாடியை உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம், அவ்வளவுதான்.

அடாப்டர்: சிறிய பொருள், பெரிய வித்தியாசம்

வெறும் குழாய்தானே என்று இருப்பதிலேயே மலிவானதை வாங்கிவிடத் தோன்றும். ஒரு கணக்கைப் பாருங்கள். அடாப்டர் 0.1 மி.மீ. நீளமாகப் போய்விட்டால், 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 25 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. 24 மி.மீ. லென்ஸாக இருந்தால் 6 மீட்டரைக்கூடத் தாண்டாது. ஒரு தாளின் தடிமன் அளவுப் பிழையில் மலையும் நிலவும் மங்கிவிடும். இதனால்தான் பல தயாரிப்பாளர்கள் அடாப்டரை வேண்டுமென்றே இம்மியளவு குட்டையாகச் செய்கிறார்கள். அப்போது லென்ஸ் முடிவிலிக் குறியைத் தொடும் முன்பே தொலைவு கூர்மையாகிவிடும்; தூர அளவுகோலை முழுதாக நம்ப முடியாது என்பது தவிர வேறு நட்டமில்லை.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை: இரவில் நிலவையோ வெகு தூரத்து விளக்கையோ திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வளையம் முட்டும் இடத்துக்கு வரும் முன்னோ, சரியாக முட்டும் இடத்திலோ கூர்மையானால் நல்ல அடாப்டர். முட்டிய பிறகும் மங்கலாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டியபின் லென்ஸை மெல்லத் திருகிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. குழாயின் உட்புறம் மினுங்கினால் வெளிச்சம் அங்கே பட்டுச் சிதறிப் படத்தை வெளிறச் செய்யும். கருப்பு வெல்வெட் தாள் ஒட்டினால் தீரும். எம்42 லென்ஸைத் திருகி முடித்ததும் எண்கள் மேலே வராமல் பக்கவாட்டில் நிற்பது சகஜம். பல அடாப்டர்களின் ஓரத்தில் மூன்று மிகச் சிறிய திருகுகள் இருக்கும். அவற்றைத் தளர்த்தி, உள்வளையத்தைத் திருப்பி, எண்களை மேலே கொண்டுவந்து இறுக்குங்கள்.

எம்42-வில் இன்னொரு சிக்கல் அந்தப் பின் ஊசி. லென்ஸில் ஏ (ஆட்டோ), எம் (மேனுவல்) என்று மாற்றும் சிறு விசை இருந்தால் எம்மில் வைத்துவிடுங்கள், ஊசி பற்றிய பேச்சே இல்லை. அந்த விசை இல்லாவிட்டால் ஊசியை எப்போதும் அழுத்திப் பிடிக்கும் உள்விளிம்பு உள்ள அடாப்டர் வேண்டும். இல்லையென்றால் வளையத்தில் எந்த எண் வைத்தாலும் அப்பர்ச்சர் திறந்தே இருக்கும். கேனான் எஃப்டி அடாப்டரிலும் இதே மாதிரி ஒரு பூட்டு வளையம் உண்டு. அதைப் பூட்டினால்தான் லென்ஸின் அப்பர்ச்சர் வளையம் உயிர்பெறும். புதிதாக வாங்கியவர்கள் லென்ஸ் பழுது என்று நினைப்பதில் பாதி இதுதான்.

ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர்களுக்கு, கண்ணாடி வைத்த சுருக்கி அடாப்டர் என்று ஒன்று உண்டு. 0.71 மடங்கு சுருக்குவது 50 மி.மீ. லென்ஸை ஏறக்குறைய 35 ஆக்கும், ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கூட்டும். நல்லது வாங்கினால் நல்லது. மலிவானவற்றில் ஓரங்கள் குழைந்துபோகும். முதல் நாளே தேவையில்லை.

கேமராவில் மாற்ற வேண்டியவை

பழைய லென்ஸை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் சில கேமராக்கள் படமே எடுக்காது. லென்ஸ் இல்லை என்று அவை நினைத்துக்கொள்கின்றன. மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டரை இயக்கு' என்ற அமைப்பைத் தேடி அனுமதி கொடுங்கள். தொண்ணூறு சதவீதக் குழப்பம் இங்கேயே முடிந்துவிடும்.

கேமரா உடலுக்குள்ளேயே நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால், லென்ஸின் குவிய நீளத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். லென்ஸில் அச்சிட்ட எண்ணையே கொடுங்கள். ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ. மாட்டிவிட்டு 75 என்று கொடுப்பது பலரும் செய்யும் தவறு. கேமராவுக்குத் தன் சென்சார் அளவு தெரியும். லென்ஸ் மாற்றும்போது இந்த எண்ணையும் மாற்றுங்கள்.

பயன்முறை, அப்பர்ச்சர் முன்னுரிமை. அப்பர்ச்சரை லென்ஸில் நீங்கள் வைக்கிறீர்கள். உள்ளே வரும் வெளிச்சத்தை அளந்து ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்வது) வைத்தால் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தையும் நீங்களே நிர்ணயியுங்கள். 50 மி.மீ.க்கு நான் 1/125-க்குக் கீழே போவதில்லை, ஆட்கள் அசைந்தால் 1/250. திரையில் அப்பர்ச்சர் எண் காட்டாது, படத்தின் தகவலிலும் பதியாது. வேண்டுமானால் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

முதலில் வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி, உள்ளே தெரியும் எழுத்துகள் உங்கள் கண்ணுக்குக் கூர்மையாகும்படி வையுங்கள். அது மங்கலாக இருந்தால் எந்தப் படம் கூர்மை என்று நீங்கள் தீர்மானிக்கவே முடியாது.

ஃபோகஸ் பீக்கிங் என்ற வசதி கூர்மையான விளிம்புகளை நிறம் பூசிக் காட்டும். வசதியானதுதான், ஆனால் முழுதாக நம்பாதீர்கள். அது பார்ப்பது வெளிச்ச வேறுபாட்டை மட்டுமே. பழைய லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும்போது வேறுபாடு குறைவு; முகத்தில் ஒன்றும் காட்டாமல், பின்னால் இருக்கும் சன்னல் கம்பியில் பளிச்சென்று காட்டும். பீக்கிங் அளவைக் குறைவில் வையுங்கள். ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுத்துக்கொண்டு, திரையை மட்டும் கறுப்பு வெள்ளையில் வைத்தால் சிவப்புப் பீக்கிங் தனித்துத் தெரியும். ரா கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும். நான் இப்படித்தான் பயன்படுத்துகிறேன்.

உண்மையில் கை கொடுப்பது பெரிதாக்கிப் பார்ப்பது. அதைக் கட்டைவிரலுக்கு எட்டும் ஒரு பொத்தானில் வைத்துக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்குங்கள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையத்தில். பீக்கிங் பார்த்துக் கிட்டத்தட்டக் கொண்டுவாருங்கள், பொத்தானை அழுத்தி, எடுக்கும் ஆளின் கண்ணைத் திரையில் பெரிதாக்குங்கள், இமை முடி ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும் இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போய், திரும்பி வாருங்கள். அந்தத் தாண்டித் திரும்புதல்தான் உச்சப் புள்ளியைக் காட்டிக் கொடுக்கும். பெரிதாக்கியதை விடுத்து, சட்டத்தைப் பார்த்து, எடுங்கள்.

58 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் வைத்து ஒரு மீட்டரில் இருக்கும் முகத்தை எடுத்தால், ஃபுல் ஃபிரேமில் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே மூன்றரை சென்டிமீட்டர். மூச்சு விடும்போது உங்கள் உடல் அதைவிட அதிகமாக ஆடக்கூடும். அதனால் நெருக்கத்தில் வளையத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டு, உடலை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்து ஃபோகஸைப் பிடியுங்கள். ஒரே இடத்தில் மூன்று படங்கள் அடுத்தடுத்து எடுங்கள், ஒன்று சரியாக விழும். எஃப் 2.8-க்கு மூடினால் வாழ்க்கை எளிதாகும். முதல் மாதம் அங்கேயே இருங்கள் என்று சொல்வேன்.

எஃப் 4 வரை, எந்த அப்பர்ச்சரில் எடுக்கிறீர்களோ அதிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். சில லென்ஸ்களில் மூடும்போது கூர்மைப்புள்ளி கொஞ்சம் நகரும். எஃப் 8, எஃப் 11 என்றால் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு மூடுங்கள். ஹீலியோஸ் 44-2-இன் இரட்டை வளையம் இதற்காகவே இருக்கிறது: ஒரு வளையத்தில் எஃப் 8 என்று எல்லை வைத்துவிட்டால், மற்றதைத் திறந்து ஃபோகஸ் செய்து, பார்க்காமலே திருப்பி எல்லையில் நிறுத்தலாம்.

ஓடும் குழந்தைகளையும் தெருவையும் எடுக்க வேறு வழி. 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல், 3.3 மீட்டரில் வைத்துவிட்டால் ஃபுல் ஃபிரேமில் ஏறக்குறைய 1.7 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் ஏற்கத்தக்க கூர்மையில் இருக்கும். ஃபோகஸே செய்யாமல் எடுத்துக்கொண்டே போகலாம். லென்ஸில் அச்சிட்ட ஆழ அளவுகோல் ஃபிலிம் காலத்துக் கண்ணுக்கானது. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் நமக்கு அது தாராளம். எஃப் 8-இல் எடுத்தால் எஃப் 5.6-க்கான கோடுகளையே எல்லையாகக் கொள்ளுங்கள்.

லென்ஸின் குணத்தோடு ஒத்துப்போவது

இவற்றின் கோட்டிங், அதாவது கண்ணாடியின் மேல் எதிரொளிப்பைக் குறைக்கப் பூசிய மெல்லிய படலம், பழையது. சூரியனோ விளக்கோ சட்டத்துக்குச் சற்று வெளியே இருந்தாலே படம் வெளிறும். லென்ஸின் முன்னால் நிழல் தரும் வளையமான ஒரு ஹூட் மாட்டுங்கள். இல்லாவிட்டால் இடது கையால் லென்ஸுக்கு மேல் நிழல் கொடுங்கள், திரையில் வேறுபாடு சட்டென்று திரும்புவதைப் பார்ப்பீர்கள். பின்னொளியில் அந்த வெளிறலே அழகாக அமையும் நேரமும் உண்டு. மாலை வெயிலில் முடியின் ஓரம் ஒளிரும் படங்களுக்கு நான் ஹூட்டைக் கழற்றிவிடுவேன்.

முழுதாகத் திறந்த நிலையில், மரக்கிளைக்கும் வெளுத்த வானத்துக்கும் இடையே ஊதா ஓரம் வரும். எஃப் 2.8-இல் குறையும், எஃப் 4-இல் பெரும்பாலும் போய்விடும். மிகக் கூர்மை வேண்டுமென்றால் எஃப் 5.6-இலிருந்து 8 வரை. அங்கே நல்ல பழைய 50 மி.மீ. இன்றைய லென்ஸுக்குப் பக்கத்திலேயே நிற்கும். நிறம் கொஞ்சம் மஞ்சளாகவோ நீலமாகவோ சாய்ந்தால், ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் கேமராவில் வெண்சமநிலையைப் பதிந்துகொள்ளுங்கள். கணினியில் நான் செய்வது பெரும்பாலும் இரண்டே வேலை: வேறுபாட்டைக் கொஞ்சம் கூட்டுவது, கறுப்பைக் கொஞ்சம் இறக்குவது.

பராமரிப்பு

பூஞ்சைக்குப் பிடித்தது ஈரமும் இருட்டும். தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டுவதைவிட மோசமான இடம் லென்ஸுக்கு இல்லை. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரப்பதமானியும் வைத்து, 40-லிருந்து 50 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்துங்கள். பூஞ்சை உள்ள லென்ஸை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

கண்ணாடியைத் துடைக்கும்முன் ஊதுகுமிழால் தூசியை ஊதுங்கள். ஊதாமல் துடைத்தால் அந்தத் தூசியே கீறல் போடும். உள்ளே திறந்து சுத்தம் செய்ய ஆசை வரும். போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு லென்ஸில் பழகிய பிறகே நல்ல லென்ஸைத் தொடுங்கள். ஃபோகஸ் மரையைப் பிரித்துவிட்டால், எந்தப் புள்ளியில் பிரிந்ததோ அதே புள்ளியில் சேர்த்தால்தான் தொலைவு கூர்மையாகும். ஒரு கோடு கிழித்துக் குறித்துக்கொள்ளாமல் பிரித்தவர்கள் நாள் முழுக்க அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது லென்ஸ்

முதல் 50 மி.மீ.யில், வியூஃபைண்டரைப் பார்க்கும் முன்பே வளையத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கைக்குத் தெரிந்த பிறகு வாங்குங்கள். முகங்கள் அதிகம் எடுப்பவர் என்றால் 135 மி.மீ. எஃப் 2.8 அல்லது எஃப் 3.5. ஜூம் லென்ஸ் வந்தபின் யாரும் கேட்காமல் போனதால் பழைய லென்ஸ்களிலேயே மிக மலிவு இதுதான். தரமோ 50-க்குச் சற்றும் குறையாது. ஆனால் எடை அதிகம், கேமராவைப் பிடிக்காமல் லென்ஸைப் பிடித்துத் தூக்குங்கள், அடாப்டரின் மீது பாரம் விழாது. தெருவும் வீடும் எடுப்பவர் என்றால் 28 மி.மீ. எஃப் 2.8. அதை வாங்கும் அன்றே நிலவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்: 50 மி.மீ.யில் தேறிய அதே அடாப்டர் 28-இல் தோற்றுப்போகலாம்.